பக்கத்து வீட்டு மம்பட்டி

வேன் பண்டாரவளையைத் தாண்டும்போது அண்ணன் ரொஷானின் அழைப்பு வந்தது.

"எங்க வர்றீங்க?"

"பண்டாரவளை. இன்னும் முக்கால் மணித்தியாலம் ஆகும்ணே."

"சரி. இங்க எல்லாம் ரெடி. கூடாரம் அடிச்சாச்சு. குழி வெட்டவும் போயாச்சு."

நேசராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், பெட்டிக்குள், அப்பா பாக்கியநாதன் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

"எந்தக் குழிண்ணே?"

"இது என்ன கேள்வி? அம்மா குழிதான். பன்னெண்டு வருசமாச்சு. தொறந்து மேல அப்பாவ வச்சிருவோம். புதுசா வெட்ட அங்க எடம் எங்க இருக்கு?"

"யாரு வெட்டுறது?"

"பக்கத்து வீடுதானே மொத மம்பட்டி போடணும்? புண்ணியமூர்த்தி மாமா காலையிலயே போயிட்டாரு."

அவள் ஓட்டுநரின் தோளைத் தொட்டாள். "ஸனூஸ் நானா, கொஞ்சம் வேகமாப் போங்க."

ஸனூஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "மையத்த ஏத்திக்கிட்டு ஸ்பீடா போகச் சொன்ன மொத ஆளு நீங்கதான் தங்கச்சி. மத்தவங்க எல்லாம் மெதுவாப் போகச் சொல்லித்தான் அழுவாங்க."

ஆனாலும் காலை அழுத்தினார்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அது மாறாத வழக்கம். செத்தவருடைய இரத்த உறவு குழியைத் தொடக் கூடாது. அடுத்த வீட்டு ஆம்பளைதான் முதல் மண்ணை வெட்ட வேண்டும். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர் வீடோ சைவ வீடோ, அதில் வித்தியாசம் பார்ப்பதில்லை. பாக்கியநாதனுக்கு அடுத்த வீடு புண்ணியமூர்த்தியுடையது. மலை சரிவதற்கு முன் பழைய லயத்து வரிசை வீடுகளில் இருந்தபோதும் அதே பக்கத்து வீடுதான். அப்புறம் கட்டிக்கொடுத்த புது வீடுகளிலும் இரண்டு குடும்பமும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் குடியேறின.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் குழியைத் திறக்கலாம். புண்ணியமூர்த்தி மாமா திறக்கக் கூடாது.

ஒன்பது நாளைக்கு முன்புதான் அவளுக்கே அதற்கான காரணம் தெரியவந்தது.

வார்ட்டில் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் அப்பா அவள் மணிக்கட்டை விடவில்லை.

"என்னைய எரிச்சிரு" என்றார்.

"என்னப்பா பேசுறீங்க? நாம வேதக்காரங்க."

"சாமியாரு விடுவாரு. இப்பெல்லாம் விடுறாங்க. அந்தக் குழிய மட்டும் தொறக்க விட்றாத. அதுல ஒங்கம்மா இல்ல."

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைக் காலையில் மலை சரிந்து மேல் லயம் முழுவதும் மண்ணுக்குள் போனது. மூன்றாம் நாள் ஒரு பெண்ணின் உடலை எடுத்தார்கள். முகம் இல்லை. பச்சை சுவெட்டர் இருந்தது. இடது முழங்கையில் வெள்ளை நூலால் தைத்த ஒட்டு. அந்த ஒட்டைத் தைத்தது அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தது அப்பா. அன்று சாயங்காலத்துக்குள் யாரும் கேட்காத உடல்களை வேறெங்கோ கொண்டுபோய் ஒரே குழியில் போடப்போகிறார்கள் என்று தப்பியவர்களைத் தங்கவைத்த முகாமில் பேச்சு. அப்பா சுவெட்டரைப் பார்த்தார், என் பொண்டாட்டிதான் என்று கையெழுத்துப் போட்டார்.

"பெட்டிய மூடுறதுக்கு மொதல்ல காலப் புடிச்சு ஒரு தடவ அழுவோம்னு துணிய வெலக்குனேன். எடது கால்ல முட்டியிலேருந்து கீழ வரைக்கும் தையல் போட்ட தழும்பு. அது நம்ம விதுஷா காலுடி."

விதுஷா புண்ணியமூர்த்தியின் ஒரே மகள். பத்தொன்பது வயது. கொழுந்து லொறி புரண்டதில் கால் ஒடிந்து, உள்ளே எஃகுத் தகடு வைத்த பிள்ளை. தகடு வைத்த கால் என்று லயமே அவளைக் கேலி பண்ணும். மலை சரிந்த அன்று அவளும் காணாமல் போனவள்தான். இன்றுவரை கிடைக்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ப்பா அப்பவே சொல்லல?"

"நீயும் ஒங்கண்ணனும் மூணு நாளா ஒரு வாய் சோறு திங்காம, பெட்டி வந்ததும் அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு கெடந்தீங்க. இது அம்மா இல்லன்னு எந்த வாயால சொல்றது? நாளைக்கு ஒங்கம்மா கெடைச்சதும் சொல்லிக்கிறேன்னு நெனச்சேன். அவ கெடைக்கல. புண்ணியமூர்த்தி அப்ப மொனராகலையில கரும்பு வெட்டப் போயிருந்தான், நாலாம் நாளு வந்தான். அவன் பொண்டாட்டி ஜெயந்தினி வெலா எலும்பு ஒடைஞ்சு ஒரு மாசம் ஆஸ்பத்திரியில. அவங்க வந்து நின்னப்ப நான் சிலுவையே நட்டு முடிச்சிட்டேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"அவங்க எரிக்கிறவங்க. அவங்க புள்ளையத் திருடி நான் பொதைச்சு வச்சிருக்கேன். அந்த மண்ணுல என்னையப் போடாத. அவங்களுக்கும் சொல்லிறாத. ஜெயந்தினி இன்னமும் அந்தப் புள்ளைக்குச் சோறு எடுத்து வைக்கிறா."

அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது என்றார்.

இறந்த அன்றே எரிப்பதைப் பற்றி அண்ணனிடம் பேசியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதங்கள், பெட்டி, வேன் என்று ஓடியதில் வீட்டுக்குப் போய் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அப்பாவைப் போலவே அவளும் நாளைக்குத் தள்ளிப்போட்டாள்.

கல்லறைக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதை வந்ததும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். "நீங்க வீட்டுக்குப் போங்க நானா. நான் பின்னால வந்திர்றேன்." மூடுபனிக்குள் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக ஏறினாள். வழுக்கி விழுந்து எழுந்தாள்.

மேலே மூன்று பேர் மம்பட்டியை ஊன்றி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழிக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"மாமா, நிறுத்துங்க!"

புண்ணியமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். வேர்வையும் மண்ணுமாக முகம். "என்ன புள்ள, பொணத்த விட்டுட்டு நீ எதுக்கு இங்க வந்த? பொம்பளப் புள்ள குழி பாக்கக் கூடாது, போ."

"அப்பாவ எரிக்கப்போறோம் மாமா. அவரு கேட்டுக்கிட்டாரு. மேல ஏறி வாங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தேவிட்டான். "நல்ல கூத்து. விடியக்காலையில வெட்ட ஆரம்பிச்சோம். இத நேத்தே சொல்லியிருந்தா நாங்க இன்னொரு பிளேன்டி குடிச்சிருப்போமே."

"எரிக்கிறதுன்னா எரிச்சிக்கலாம்" என்றார் புண்ணியமூர்த்தி. "டேய், நீங்க போங்க. வீடு வீடாச் சொல்லி மிலாறு விறகு சேத்து சுடுகாட்டுல போடுங்க. மலை மேல கவ்வாத்து வெட்டுன கட்டையும் கெடக்கு. நான் இதச் சரி பண்ணிட்டு வர்றேன்."

அவர்கள் இறங்கிப் போனார்கள்.

"மாமா, மூடிருங்க. இப்பவே மூடிருங்க."

"மூடத்தானே போறேன். ஒங்கம்மா மேல காலு படாம நின்னுகிட்டு இருக்கேன், பாரு. பெட்டிப் பலகை எல்லாம் மக்கிப் போச்சு." அவர் குனிந்து எதையோ இழுத்தார். "இது மட்டும் மக்கல பாத்தியா? அந்தப் பச்சை சுவெட்டரு. ஒங்கம்மா எந்நேரமும் இதப் போட்டுக்கிட்டுத்தானே திரியும்."

மண் ஒட்டிய கம்பளித் துணி குழியின் விளிம்பில் வந்து விழுந்தது. முழங்கையில் ஒட்டு. நேசராணி அதைத் தொடவில்லை.

"போதும் மாமா. வாங்க."

"இரு. இத ஓரமா ஒதுக்கிட்டு..."

மம்பட்டி எதிலோ பட்டது. கல்லில் படும் ஓசை இல்லை. அவர் கையை விட்டுத் துழாவி எடுத்தார். கட்டை விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில், ஓட்டைகள் உள்ள தகடு. மண்ணை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். அது துருப்பிடிக்கவே இல்லை.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேசம்."

அவள் குழியின் விளிம்புக்கு வந்தாள்.

"ஒங்கம்மாவுக்கு எப்பயாவது காலு ஒடைஞ்சதா?"

ஆமாம் மாமா, சின்ன வயசுல, எனக்கும் சரியாத் தெரியாது. ஒரு வரி போதும். அந்த வரி அவள் நாக்கு நுனி வரை வந்தது. அப்பா அப்படிப்பட்ட ஒரு வரியைத்தான் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு இருந்தார். குழிக்குள் நின்ற மனிதர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிடு என்று கெஞ்சுவதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

"இல்ல மாமா" என்றாள்.

அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுவெட்டர், கையெழுத்து, தழும்பு, சிலுவை. கீழே தேவாலய மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

புண்ணியமூர்த்தி அழவில்லை. தகட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"பன்னெண்டு வருசம். ஒரு பீடியப் பத்த வச்சா பாதி அவனுக்கு. எம்புள்ள பேரச் சொல்லி நான் அழுறப்பல்லாம் முதுகத் தடவிக் குடுத்தான். எங்கயாவது இருப்பா மச்சான்னு சொன்னான். இருக்கிற எடம் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான்."

"மன்னிச்சிருங்க மாமா."

"நீ ஏன் கேக்குற? நீ அப்ப சின்னப்புள்ள. ஒங்கப்பன் மூஞ்சியில துப்பணும் போல இருக்கு. ஆனா இன்னிக்கு அவன் நெருப்பு எனக்கு வேணும்."

அவளுக்குப் புரியவில்லை.

"தனியா ஒரு கட்டை அடுக்குனா ஊரு கேக்கும். போலீஸு கேக்கும். ஜெயந்தினி கேப்பா. ஒங்கப்பனுக்கு அடுக்குற கட்டைக்குள்ள எம்புள்ளையும் போகட்டும். ஒரு துணி குடு."

அவள் கழுத்திலிருந்த வெள்ளைச் சால்வையை எடுத்துக் கொடுத்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றையும் துடைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிலுவையைப் பிடித்தபடி நின்றாள். அந்தச் சிலுவையில் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா எந்தச் சரிவில், எத்தனை அடி மண்ணுக்குக் கீழே கிடக்கிறாள் என்பது அவளுக்கும் இனித் தெரியப்போவதில்லை.

மேலே ஏறியபோது மூட்டை அவர் இரண்டு கைக்குள் அடங்கியது. சுவெட்டரை அவரே எடுத்து வெறுங்குழிக்குள் போட்டார். "இதாவது ஒங்கம்மாவுது" என்று மண்ணைத் தள்ளினார்.

வீட்டில் சண்டை காத்திருந்தது.

"எரிக்கிறதா? யாரக் கேட்டு?" ரொஷான் கொழும்பிலிருந்து இராத்திரி பஸ்ஸில் வந்தவன். கண் இரண்டும் சிவந்திருந்தன. "அப்பாவுக்கு ஆறடி மண்ணு குடுக்க வக்கில்லாத மகன்னு ஊரு என்னையத்தான் பேசும். அம்மா பக்கத்துல வைக்காம எங்கயோ கொண்டுபோயிப் பத்த வைக்கணுமா?"

"அவரு கேட்டாருண்ணே. சாமியாருகிட்ட போன்ல பேசிட்டேன். எரிக்கலாமாம். சாம்பல மட்டும் ஆத்துல கரைக்காம, வீட்டுல வைக்காம, கல்லறையில வச்சிரணுமாம்."

"எங்கிட்ட கேக்கலையே! மகன் நான்தானே?"

அடுப்படியிலிருந்து ஜெயந்தினி அத்தை கரண்டியோடு வந்தாள். இழவு வீட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் அழுவதும் அதட்டுவதும் அவள்தான். "ஏண்டி நேசம், எரிக்கிறது எங்க வழக்கம். அதையும் புடுங்கிக்கிட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?" என்றாள். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "ஒங்கம்மாவுக்காவது ஒரு குழி கெடைச்சுச்சு. புருசன அது பக்கத்துல கொண்டுபோயி வைடி. எல்லாருக்குமா அது அமையுது?"

நேசராணி தரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் புண்ணியமூர்த்தி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. சுடுகாட்டு வழியாக வந்திருக்கிறார் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

"ரொஷான், எரிப்போம்பா" என்றார். "கட்டை நானே அடுக்கிட்டேன். குழியில தண்ணி ஊறுது, பெட்டி மெதக்கும்."

"மாமா, நீங்களுமா?"

"பக்கத்து வீட்டுக்காரன் சொல்றேன். எரிப்போம்."

ரொஷான் உபதேசியாரைக் கூப்பிடப் போனான். பக்கத்து வீட்டின் சொல்லை இழவு வீட்டில் யாரும் தட்டுவதில்லை.

உபதேசியார் செபம் சொன்னார். சிலுவை முன்னால் போக, பெட்டி புறப்பட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் மிலாற்றுக் கட்டோடு நின்று ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார். வேதக்காரப் பிணம் சைவச் சுடுகாட்டுக்குப் போவதை வேடிக்கை பார்க்கப் பக்கத்துத் தோட்டப் பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முச்சந்தியில் ஜெயந்தினியும் மற்றப் பெண்களும் நின்றுவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அதைத் தாண்டுவதில்லை. நேசராணி தாண்டிப் போனாள். பின்னாலிருந்து ஜெயந்தினியின் ஒப்பாரி கேட்டது. "போறீகளே அண்ணே, எம்புள்ளையக் கண்டா வரச் சொல்லுங்க அண்ணே..."

முன்னால் நடந்த புண்ணியமூர்த்தியின் முதுகு ஒரு நொடி நின்றது. அப்புறம் நடந்தது.

கட்டைகள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பெட்டியை ஏற்றியபோது தலைமாட்டில் ஒருவன் தாங்கு கட்டையைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டான். "ஏதோ வெள்ளைத் துணி கெடக்குதே மாமா?"

"கையை எடு. மண்ணெண்ணெயில நனைச்ச பழந்துணி. ஈரக் கட்டை, புடிக்க வேணாமா?"

ரொஷான் தீ வைத்தான். மிலாறு சடசடவென்று பற்றியது. எல்லாரும் பின்வாங்கினார்கள். புண்ணியமூர்த்தி மட்டும் புருவம் கருகும் தூரத்தில் நின்றார். செபம் சொல்லும் கூட்டத்தில் அவர் உதடுகள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. "மச்சான் மேல அவ்வளவு பாசம்" என்று யாரோ நேசராணியின் காதுபடச் சொன்னார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் எல்லாரும் கலைந்தார்கள். ரொஷான் வாசலில் சுருண்டு தூங்கிப்போனான். ஜெயந்தினி இழவுத் தீட்டுக்குத் தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, கோப்பையில் பிளேன்டியும் ஒரு துண்டு ரொட்டியும் கொண்டுவந்தாள்.

"தின்னுடி. காலையிலேருந்து ஒண்ணும் திங்கல நீ." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் தணிந்திருந்தது. "சரி, எரிச்சாச்சு. நாளைக்குச் சாம்பல அந்தக் குழியிலதானே வைக்கப்போறீங்க?"

"ஆமா அத்தை."

"வெட்டுன குழிய வெறுமையா மூடிட்டு வந்தீங்களாடி? அப்பிடி மூடக் கூடாது. இன்னொரு ஆளக் கேக்கும். வாழைத்தண்டாவது போட்டீங்களா?"

நேசராணிக்கு உடம்பெல்லாம் வலித்தது. ரொட்டியை மென்றுகொண்டே, யோசிக்காமல், யாருக்கும் தீங்கில்லாத ஒரு உண்மையைச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

"போட்டோம் அத்தை. அம்மாவோட சுவெட்டர் உள்ள இருந்துச்சு. மக்கல. அதையே போட்டு மூடிட்டோம்."

"எந்த சுவெட்டரு?"

"பச்சை. கையில ஒட்டுப் போட்டது."

ஜெயந்தினி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அதுவா இருக்காதே" என்றாள். "அன்னிக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போறப்ப எம்புள்ள குளிர்ல நடுங்குனா. நீ போட்டுக்கடி, எனக்குச் சூட்டு ஒடம்புன்னு ஒங்கம்மாதான் கழட்டிக் குடுத்துச்சு. நான்தானே பொத்தான் போட்டுவிட்டேன்?"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

நேசராணியின் வாயில் ரொட்டி அப்படியே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஜெயந்தினி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் பக்கத்து வாசலில் புருவம் கருகி உட்கார்ந்திருந்த புருசனைப் பார்த்தாள். காலையில் குழிக்குப் போனவர், திடீரென்று எரிப்போம் என்றவர், தானே கட்டை அடுக்கியவர்.

எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க."

அவர் நிமிரவில்லை. சாரத்தின் மடிப்பிலிருந்து தகட்டை எடுத்து அவளை நோக்கி நீட்டினார்.

அவள் அதை வாங்கி விரலால் தடவினாள். ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கத்துவாள், ஊரே கூடும், அப்பாவின் பெயர் தெருவில் கிடக்கும் என்று நேசராணி காத்திருந்தாள்.

"எரிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள் ஜெயந்தினி.

"ம்."

"ஒரு தடவ காட்டியிருக்கலாமே."

அவள் உள்ளே போனாள். மதியம் மூடி வைத்த சோற்றுத் தட்டை எடுத்துவந்து வேலியோரம் கொட்டினாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வாசல் பைப்பைத் திறந்து வாளியை வைத்தாள். நிரம்பியதும் சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

குளிரில் பல் அடித்துக்கொள்ளும் ஓசை இந்த வாசல்வரை கேட்டது. நேசராணி ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள்.

"அத்தை, ஏற்கெனவே குளிச்சிட்டீங்களே. வேணாம், காய்ச்சல் வந்திரும்."

ஜெயந்தினி அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"அது ஒங்கப்பனுக்கு" என்று அடுத்த வாளியைத் தூக்கினாள். "இது எம்புள்ளைக்கு."